மாப்பிள்ளை தேவையில்லை!

கல்யாணத் தரகர்கள் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளவும். மாப்பிள்ளையே தேவைப்படாத ஒரு குலம் இந்தப் பூமியில் இருக்கிறது. ஜாதகம் கிடையாது. பொருத்தம் கிடையாது. 'பையன் கவர்மென்ட்டா, பிரைவேட்டா?' என்ற கேள்வியும் கிடையாது. அம்மாவுக்குப் பெண், அந்தப் பெண்ணுக்குப் பெண், அவளுக்கும் பெண் என்று ஆண் வாடையே படாமல் வம்சம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

முப்பது தாண்டியும் வீட்டில் 'பார்த்துக்கொண்டே' இருக்கிற நண்பர்கள் மனம் உடைய வேண்டாம். நான் சொல்வது ஒரு குளவியைப் பற்றி.

குளவி என்றதும் விட்டத்தில் மண்கூடு கட்டி, எட்டிப் பார்த்தவன் கன்னத்தை வீங்க வைக்குமே, அதை நினைக்காதீர்கள். இது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்த வரியின் கடைசியில் இருக்கிற புள்ளி மேல் வந்து உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரியாது. உடம்பைவிடப் பெயர்தான் நீளம்: டிரைக்கோகிரம்மா. மனுஷனைக் கொட்டாது. அதற்கு வேறு ஜோலி இருக்கிறது. அந்துப்பூச்சிகள் பயிரில் இட்டு வைத்திருக்கும் முட்டையைத் தேடிப் போகும். அந்த முட்டைக்குள் தன் முட்டையைச் செருகிவிட்டு நடையைக் கட்டும். உள்ளே பிறக்கிற குளவிக் குஞ்சு வீட்டுக்காரனையே தின்று வளர்ந்து, எட்டுப் பத்து நாளில் சுவரில் ஓட்டை போட்டு வெளியே வரும். புழு பிறக்க வேண்டிய முட்டையிலிருந்து குளவி பிறக்கும். வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்குகிற கதைதான்.

இந்தக் குணத்துக்காகவே மனுஷன் இதைப் பண்ணை வைத்து வளர்க்கிறான். நம்ம ஊர்க் கரும்புக்காரர்களுக்கும் பருத்திக்காரர்களுக்கும் 'முட்டை ஒட்டுண்ணி அட்டை' என்றால் தெரியும். தயாரிக்கிற விதமே ஒரு வேடிக்கை. உடைத்த கம்பில் நெல் அந்துப்பூச்சியை வளர்க்கிறார்கள். அது இடும் முட்டையைப் புற ஊதா வெளிச்சத்தில் காட்டி, பொரிக்காதபடி செய்து, பசை தடவிய அட்டையில் தூவுகிறார்கள். அதன்மேல் குளவியை விடுகிறார்கள். மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுத்துவிடும். கறுத்தால் 'உள்ளே ஆள் இருக்கு' என்று அர்த்தம். ஒரு சி.சி. முட்டை என்றால் சுமார் 18,000 முதல் 20,000 வரை. அட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, சாயங்கால வேளையில் இலைக்கு அடியில் ஸ்டேப்ளர் அடித்து வைத்துவிட வேண்டியது. எறும்பு மோப்பம் பிடிக்காமல் இருந்தால் பிழைத்தோம்.

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும்? எல்லாம் என் மாமாவால் வந்த வினை.

மாமாவுக்கு விளாத்திகுளம் பக்கம் கொஞ்சம் கரிசல் காடு. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டி சுற்று வட்டாரத்தில் ஒரு காலத்தில் பருத்திதான் ராஜா. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ல் ஆரம்பித்தது. அங்கிருந்து வந்த 'கே' வரிசைப் பருத்தி ரகங்களை ஊர்ப் பெரிசுகள் இன்றைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடும், பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு காய்ப்புழு, மருந்துச் செலவு, பறிக்க ஆள் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, நிறையப் பேர் மானாவாரி மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியது. விளைந்தால் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிவிடும். நல்ல ஏற்பாடு.

2018-ல் அந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது. படைப்புழு! அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் அடையாளம் கண்டார்கள். அந்த வருஷ மழைக்கு விதைத்த விளாத்திகுளம் சோளத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பாஸ்போர்ட், விசா எதுவும் கிடையாது. குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் மாதிரி கழிவைத் தள்ளிக்கொண்டு தின்னும். மருந்து அடித்தால் குருத்தின் அடியில் பதுங்கிக்கொள்ளும். கடைக்காரர் (எந்தக் கடை என்று கேட்காதீர்கள், மாமா இன்னும் அங்கேதான் கடன் வைத்திருக்கிறார்) ஒன்றுக்கு மூன்றாக டப்பா எடுத்துக் கொடுத்தார். மூன்றையும் அடித்தது போக, மாமா மகசூலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது லாரி தேவைப்படவில்லை. மாட்டு வண்டியே தாராளமாக இருந்தது.

அடுத்த பருவத்தில், 'புழுவான பிறகு மல்லுக்கட்டாதே, முட்டையிலேயே பிடி' என்று யோசனை சொன்னார்கள். பெங்களூருவில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் படைப்புழுவுக்குச் சிபாரிசு செய்த வழிகளில் டிரைக்கோகிரம்மா பிரிட்டியோசம் என்ற குளவியும் ஒன்று. ஏக்கருக்கு ஐம்பதாயிரம் கணக்கில், வாரா வாரம் விட வேண்டும். எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஐம்பதாயிரத்தை எண்ணுவதற்கு என்னைக் கூப்பிட்டார்களோ என்னவோ, அட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியது நான்தான்.

மாமா அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன மருமகனே, உப்புத்தாளைக் கொண்டாந்து நீட்டுதே? இதை வச்சு மம்பட்டிக் கணையையா தேய்க்க?"

விளக்கினேன். முட்டைக்குள் முட்டை. கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு பி.காம். படித்தவன் நான் வெட்கப்பட வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

"இதுல ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனை?"

"ஏன் மாமா?"

"முட்டைக்குள்ள முட்டை வைக்கது பொம்பளைதானே? அப்போ ஆம்பளைக்கும் சேத்தா நான் துட்டுக் கொடுக்கேன்?"

நியாயம்தானே! வயலில் வேலை பார்ப்பது பெண் குளவி. ஆண் குளவி பிறக்கும், கல்யாணம் பண்ணிக்கொள்ளும், சாகும். முட்டையைத் தேடாது, துளை போடாது. கணக்குப் பாஷையில் சொன்னால் ஆண் என்பது ஓவர்ஹெட் செலவு. மாமாவின் கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டவன்தான் நான். கொண்டுபோய்விட்ட இடம் கொஞ்சம் தலையைச் சுற்றுகிற இடம். பெரிய மனசு பண்ணிக் கூட வாருங்கள்.

முதலில் குளவிக் குடும்பத்து வழக்கம். நம்மிடம் ஆணோ பெண்ணோ, அப்பா என்று ஒருத்தர் உண்டு. குளவியிலும் தேனீயிலும் எறும்பிலும் அப்படி இல்லை. கருவுற்ற முட்டை பெண்ணாகும். கருவுறாத முட்டை ஆணாகும். அதாவது அப்பா இருந்தால் மகள். அப்பா இல்லாவிட்டால் மகன். ஆண் குளவிக்கு அப்பா கிடையாது, ஆனால் தாத்தா உண்டு (அம்மாவின் அப்பா). அவனுக்கு மகன் பிறக்க மாட்டான், பேரன் பிறப்பான். ரேஷன் கார்டில் இந்தக் குடும்பத்தை எழுதச் சொன்னால் வட்ட வழங்கல் ஆபீஸில் மயக்கம் போட்டு விழுவார்கள்.

குரோமோசோம் கணக்கு சுலபம். டிரைக்கோகிரம்மா முட்டையில் அம்மா வைக்கிற செட் 5. அப்பா வந்தால் இன்னொரு 5. பத்து இருந்தால் பெண், ஐந்தோடு நின்றால் ஆண். தாய்க் குளவி கெட்டிக்காரி. சேமித்து வைத்த விந்தைத் திறப்பதும் மூடுவதும் அவள் கையில். ஒரு முட்டைக்குள் நாலைந்து பிள்ளைகளை வைக்கும்போது பெரும்பாலும் மகளாகவே வைத்து, மகன் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வாள். சிக்கனம்!

மாமாவின் அட்டையில் இருந்தது இந்த மாதிரி, ஆணும் பெண்ணும் கலந்த சரக்கு. ஆனால் உலகத்தில் சில இடத்து டிரைக்கோகிரம்மாவைப் பிடித்து வளர்த்தபோது ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஆண் கண்ணிலேயே படவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணே. அப்பா இல்லாத முட்டை ஆணாகத்தானே வேண்டும்? இங்கே அப்பாவும் இல்லை, பிறப்பதும் பெண். எப்படி?

1990-ல் ரிச்சர்ட் ஸ்டவ்தமர் என்ற டச்சுக்காரரும் அவரது சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். இந்தப் பெண் குளவிகளுக்குத் தேனில் டெட்ராசைக்ளின் கலந்து கொடுத்தார்கள். ஆமாம் சார், அந்தக் காலத்தில் சளிக்கும் முகப்பருவுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மாத்திரைச் சரக்கு. குடித்த குளவிகளுக்கு மகன் பிறந்தான்! டி.பி.க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசினுக்கும் அதே பலன். ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஆண் பிறக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஆண் பிறக்காமல் தடுத்துக்கொண்டிருந்தது ஒரு பாக்டீரியா. 1993-ல் ஆசாமி யார் என்று அடையாளம் கண்டுவிட்டார்கள். வோல்பாக்கியா.

ஆசாமி பழைய கேடி. 1924-லேயே ஹெர்டிக், வோல்பாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் க்யூலெக்ஸ் கொசுவுக்குள் இவனைப் பார்த்திருக்கிறார்கள். 1936-ல் பெயர் வைத்தார்கள். பிறகு பல வருஷம் யாரும் அதிகம் கண்டுகொள்ளவில்லை. இப்போது பார்த்தால் உலகத்துப் பூச்சி இனங்களில் சுமார் பாதிக்குள் குடியிருக்கிறான் என்கிறார்கள்.

உடம்புக்குள் பாக்டீரியாவைக் குடிவைத்துக்கொள்வது பூச்சிகளுக்குப் புதிதில்லைதான். பஸ்ஸில் முன் சீட்டுத் தலையில் ஊரும் பேனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தைத் தவிர வேறு ஆகாரம் தெரியாத பிராணி. ரத்தத்தில் சில பி வைட்டமின்கள் போதாது. பேன் வயிற்றுக்குள் ரீசியா என்று ஒரு பாக்டீரியா உட்கார்ந்து பி-5 வைட்டமின் தயாரித்துக் கொடுக்கிறது. அம்மாப் பேன் அதை ஈருக்குள்ளேயே சேர்த்து வைத்து அனுப்பிவிடும், மறுவீடு போகிற பெண்ணுக்குப் பலகாரம் கட்டிக் கொடுக்கிற மாதிரி. ஈரைப் பேனாக்குவது யார் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அங்கே இரண்டு பேருக்கும் லாபம், சண்டை இல்லை.

வோல்பாக்கியா அப்படிப்பட்ட நல்ல குடித்தனக்காரன் இல்லை. அவன் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக ஒரே வாசல்தான்: தாயின் முட்டை. விந்தணுவில் அவனுக்கு இடம் இல்லை. ஆணுக்குள் மாட்டிக்கொண்டால் அதோடு கதை முடிந்தது. முட்டுச் சந்து. ஆகவே அவனுக்கு வேண்டியது பெண், மேலும் பெண். மகள் பிறந்தால் அவன் வம்சம் வளரும். மகன் பிறந்தால் அழியும். பெண் குழந்தை பிறந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற மாமியார்களைப் பார்த்திருக்கிறோம். நேர்எதிரான மாமியார் இவன்.

செய்கிற வித்தை சுருக்கம். கருவுறாத முட்டையில் 5 குரோமோசோம் இருக்கிறது இல்லையா? முதல் தடவை செல் பிரியும்போது அவை தம்மைப் போல் இன்னொரு செட் நகல் எடுத்து, இரண்டு பக்கமாகப் பிரிய வேண்டும். நகல் எடுக்கிற வரைக்கும் விட்டுவிடுகிறான். பிரியும் நேரத்தில் குறுக்கே விழுந்து கெடுக்கிறான். ஐந்தும் ஐந்தும் ஒரே இடத்தில் நின்றுவிட, பத்து! பத்து என்றால் பெண். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அம்மா கையெழுத்தையே இன்னொரு தடவை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியாகிவிட்டது. ஃபைல் பாஸ்!

மாமாவின் கணக்குக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? ஒரு பேச்சுக்கு, நூறு குளவியில் முப்பது ஆண் என்று வையுங்கள். வோல்பாக்கியா பிடித்த ரகமாக இருந்தால் அந்த முப்பது ரூபாய் மிச்சம். இந்த யோசனை விஞ்ஞானிகளுக்கும் வந்தது. வாகனிங்கனில் (ஹாலந்து) கண்ணாடி வீட்டுக்குள் இரண்டு ரகத்தையும் விட்டு ஒப்பிட்டுப் பார்த்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் வோல்பாக்கியா பிடித்த பெண் குளவி கொஞ்சம் சோனி. முட்டை குறைவாக இடுகிறாள். உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து தின்னும்போது இருக்காதா? ஆனால் நூற்றுக்கு நூறும் பெண் என்பதால் மொத்தக் கணக்கில் ஆண் இல்லாத ரகம்தான் லாபம்.

இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. தக்காளியில் வெள்ளை ஈயைப் பிடிக்க என்கார்சியா ஃபார்மோசா என்று ஒரு குளவியை 1920-களின் பிற்பாதியில் இங்கிலாந்தில் வளர்க்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் உலகம் பூராவும் விற்பனை. விற்பதெல்லாம் பெண்தான். காரணம் வோல்பாக்கியா என்பது, வியாபாரம் தொடங்கிப் பல பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சரக்கை விற்க உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது.

போனில் சொன்னேன். மாமா மகிழ்ந்துபோனார்.

"அப்போ அந்த ரகத்தையே வாங்கிப் போடு மருமகனே."

"இருங்க மாமா, அதுல ரெண்டு மூணு வில்லங்கம் இருக்கு."

"வில்லங்கம் இல்லாம எது இருக்கு? சொல்லு."

வில்லங்கம் நம்பர் ஒன், வெயில். வோல்பாக்கியாவுக்குச் சூடு ஆகாது. 30 டிகிரிக்கு மேல் வைத்து வளர்த்தால் டெட்ராசைக்ளின் கொடுத்த மாதிரியே அவன் மெலிந்துபோகிறான். ஆண் பிறக்கத் தொடங்குகிறது. அரைகுறைச் சூடாக இருந்தால் அரைகுறை வேலை: உடம்பில் பாதி ஆண், பாதி பெண் என்று அர்த்தநாரீஸ்வரக் குளவிகளே பிறந்திருக்கின்றன. 30 டிகிரி! விளாத்திகுளத்தில் அது காலை ஒன்பது மணிக் கணக்கு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ சொல்லி முடிப்பதற்குள் தாண்டிவிடும். குளிரூட்டிய அறையில் வளர்த்து, கரிசல் காட்டில் கொண்டுபோய் விட்ட பிறகு அடுத்தடுத்த தலைமுறை எப்படிப் பிறக்கும் என்பதை அந்த வெயிலிலேயே வைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

"அப்போ நம்ம ஊரு வெயிலு ஆம்பளை பக்கமா?" என்றார் மாமா. குரலில் லேசான பெருமை.

இரண்டாவது வில்லங்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஜெராக்ஸ் என்று சொன்னேனே, அது வெறும் வேடிக்கைப் பேச்சில்லை. இரண்டு செட்டும் ஒரே அசலின் நகல் என்பதால், பிறக்கிற மகளிடம் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே சரக்கு. அவளுடைய மகளும் அப்படியே. புதுச் சேர்க்கை வர வழி இல்லை. ஆண் என்கிற அந்த வேலைவெட்டியில்லாத ஆசாமி செய்துகொண்டிருந்த ஒரே வேலை, வேறொரு குடும்பத்துச் சரக்கைக் கொண்டுவந்து கலப்பது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிறவன் அவன். அவனை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் எல்லோர் கையிலும் போன ஆட்டத்துச் சீட்டேதான். படைப்புழுவோ ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, ஒவ்வொரு தலைமுறையும் கட்டைக் கலைத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பல நாடுகளில் பல மருந்துகளுக்கு அது தண்ணி காட்டியது இப்படித்தான்.

சரி, தேவைப்பட்டால் டெட்ராசைக்ளின் கொடுத்து ஆணைத் திரும்ப வரவழைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். செய்து பார்த்திருக்கிறார்கள். நம்ம படைப்புழுவுக்குச் சிபாரிசான அதே பிரிட்டியோசம் குளவியில், ரொம்பத் தலைமுறையாகப் பெண் மட்டுமே இருந்த ரகங்களுக்கு மருந்து கொடுத்து மகன்களைப் பிறக்க வைத்தார்கள். மகன்கள் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். வேறு ரகப் பெண்ணோடு விட்டால் பிள்ளை பெறவும் செய்தார்கள். ஆனால் சொந்த ரகத்துப் பெண்களோடு விட்டால்... ஊஹூம். முட்டை கருவுறவே இல்லை. ஆணோடு குடித்தனம் பண்ணுகிற வித்தையையே அந்தப் பெண்கள் தொலைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டி வாசலில் நிற்கிறான். பெண் வீட்டில் கல்யாணம் என்ற வார்த்தைக்கே அர்த்தம் தெரியவில்லை.

2011-ல் இதன் மரபணுக் கணக்கை ரஸ்ஸலும் ஸ்டவ்தமரும் ஆராய்ந்தார்கள். உபயோகம் இல்லாமல் துருப்பிடித்துப்போன குணம் என்று நினைத்துவிடுவோம். விளக்கம் அதைவிடக் குயுக்தியானது. வோல்பாக்கியா ஒரு கூட்டத்தில் பரவிக்கொண்டிருக்கும் காலத்தில் ஆணுக்குப் பஞ்சம் வருகிறது. பஞ்ச காலத்தில் மகனைப் பெற்றவளுக்கு யோகம். அந்த ஒரு மகனுக்குப் பத்துப் பெண்கள். மகன் என்றால் யார்? கருவுறாத முட்டை. ஆகவே நோய் பிடிக்காத பெண்களில், 'முட்டையைக் கருவுற விடாதே' என்கிற குணம் யாருக்கு இருந்ததோ அவளுக்கு மகன்கள் குவிகிறார்கள். அந்த மகன்கள் மூலமாக அந்தக் குணம் ஊர் பூராவும் பரவுகிறது. கடைசியில் கருவுறத் தெரிந்தவளே மிஞ்சவில்லை. ஆணுக்கு இருந்த கிராக்கியே ஆணை ஒழித்துக்கட்டியது! ஷேர் மார்க்கெட்டில் இந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன், குளவியில் எதிர்பார்க்கவில்லை.

அதற்கு மேல் அந்தக் குளவிக்கும் வோல்பாக்கியாவுக்கும் விவாகரத்தே கிடையாது. அவனை விரட்டினால் இவள் பெறுவது மகன்களை மட்டும். அடுத்த தலைமுறையோடு ரகம் காலி. வாடகைக்கு வந்தவன் வீட்டை எழுதி வாங்கினான் என்று ஆரம்பத்தில் குளவியைச் சொன்னேன். குளவிக்குள்ளேயே இன்னொருத்தன் அதே பத்திரத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. வோல்பாக்கியா தாய் வழியாகத்தான் போவான் என்றேன். எப்போதாவது பக்கவாட்டிலும் தாவுவான். ஒரே அந்துப்பூச்சி முட்டைக்குள் நோய் பிடித்த குளவிக் குஞ்சும் பிடிக்காததும் சேர்ந்து வளர்ந்தால், அவன் அங்கிருந்து இங்கே தொற்றிக்கொள்வதை 2000-ல் கண்டார்கள். மேன்ஷன் ரூமில் ஒருத்தனுக்குச் சொறி வந்தால் நாலு பேரும் சொறிகிற மாதிரி. ஆக, வெளி ரகத்தைக் கொண்டுவந்து காட்டில் விட்டால் ஏற்கெனவே காட்டில் இருக்கும் உள்ளூர்க் குளவிக்கும் அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு. மருந்து டப்பாவைக் காலி செய்தால் வாங்காமல் இருக்கலாம். இதைத் திரும்ப வாங்கி டப்பாவில் அடைக்க முடியாது.

இந்த இடத்தில் மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்போ ஆம்பளையும் கிடந்துட்டுப் போட்டும்டே" என்றார்.

கலந்த சரக்கையே விட்டோம். அதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. படைப்புழுத் தாய் முட்டைகளைக் குவியலாக வைத்து மேலே தன் ரோமத்தைப் பிய்த்துப் போர்த்திவிட்டுப் போகிறாள். நம்ம முற்றுப்புள்ளிக் குளவிக்கு அந்தக் கம்பளிக்குள் நுழைவது சிரமம். அந்த வேலைக்கு டெலினோமஸ் என்ற இன்னொரு குளவி கெட்டிக்காரி. இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல், வரப்பில் தட்டைப்பயறு என்று எல்லாம் சேர்த்துத்தான் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது.

வோல்பாக்கியாவை நம் வேலைக்குப் பிடித்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள். புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், டெங்கு கொசுவுக்குள் வோல்பாக்கியாவைக் குடியேற்றிய இரண்டு ரகங்களை உருவாக்கியதாக 2022-ல் அறிவித்தது. கொசுவில் அவன் வித்தை வேறு. அங்கே ஆணை ஒழிப்பதில்லை. வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் பொரிக்கும். தேர்தலில் எதிர்க்கட்சி வேட்புமனுவை மட்டும் தள்ளுபடி செய்கிற தந்திரம். கூடவே, அவன் இருக்கிற கொசுவுக்குள் டெங்கு வைரஸ் சரியாக வளர்வதில்லை. அது நமக்கு லாபம்.

ஆண் வர்க்கம் முழுக்க ஏமாளி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் டிரைக்கோகிரம்மா கய்காய் என்று ஒரு குளவி. அதிலும் வோல்பாக்கியா உண்டு, ஆனால் கூட்டம் முழுக்கப் பிடிக்க முடியவில்லை. காரணம், சில ஆண்களிடம் ஐந்துக்கு மேல் உபரியாக ஒரு குட்டிக் குரோமோசோம். அது விந்தோடு முட்டைக்குள் போனதும் முதல் வேலையாக, தன்னைச் சுமந்து வந்த அப்பாவின் ஐந்தையும் நாசமாக்கிவிடுகிறது. மிச்சம் அம்மாவின் ஐந்து. ஐந்து என்றால் ஆண்! மகளாக வேண்டியது மகனாகிவிட, அந்த மகன் மேல் இது சவாரி. ஒரு பக்கம் எல்லாரையும் பெண்ணாக்கும் கட்சி, மறுபக்கம் ஆணாக்கும் கட்சி. இரண்டுக்கும் குளவியின் நலனில் அக்கறை கிடையாது. இரண்டும் ஒன்றையொன்று மடக்கிக்கொண்டிருப்பதால் குளவி பிழைத்துக் கிடக்கிறது.

சமோவா தீவில் நடந்தது இன்னும் ருசி. அங்கே ஒரு பட்டாம்பூச்சி. ஹைப்போலிம்னஸ் போலினா என்று பெயர். வோல்பாக்கியா அதில் ஆண் கருவை முட்டையிலேயே கொன்றுகொண்டிருந்தான். 2001-ல் எண்ணியபோது நூற்றுக்கு ஒன்றுதான் ஆண். 2006-ல் போய்ப் பார்த்தால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட நாற்பது! வோல்பாக்கியா எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயேதான் இருக்கிறான். அவன் கையைக் கட்டிப்போடுகிற ஒரு மரபணு பட்டாம்பூச்சியிடம் வந்து, பத்துத் தலைமுறைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அந்தப் பட்டாம்பூச்சி தமிழ்நாட்டிலும் உண்டு. மழைக்குப் பிறகு செடி கொடி உள்ள இடத்தில் பாருங்கள். கறுத்த இறக்கையில் பெரிய வெள்ளைப் பொட்டு, பொட்டைச் சுற்றி ஊதா மினுக்கு. ஒரே இலை நுனியில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தால், அது ஆண்.